பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டுவதில்லை. சரளைக்கல் கிடக்கும் வெட்டவெளியில் சிறு பள்ளம் பறித்து, அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைகளைக் காலடியில் கிடந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். அவற்றுக்கு இருக்கும் முக்கியப் பாதுகாப்பு அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமையன்று, எங்கள் மாவட்டப் பறவை ஆர்வலர் குழுவில் ஒருவர் அப்படியொரு கூட்டின் படத்தையும் அதனுடன் கூகுள் வரைபடக் குறியையும் பகிர்ந்தார். சனியும் ஞாயிறும் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ப் படம் எடுத்தார்கள். ஆள் நெருங்கும்போதெல்லாம் தாய்ப்பறவை எழுந்து கத்திக்கொண்டே வட்டமிட, முட்டைகள் வெயிலில் கிடந்தன. பக்கத்து மின்கம்பியில் காகங்கள் உட்கார்ந்திருந்தது ஞாயிறன்று வந்த படங்களிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் பள்ளம் வெறுமையாக இருந்தது. போனவர்களில் ஒருவர்கூடப் பறவைக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர். குழுவின் நிர்வாகியாக இருந்த நான் வெள்ளிக்கிழமை இரவே அந்தக் குறியைப் பார்த்தும் நீக்காமல் விட்டேன். குழு நடத்தை என்று நாம் பேசுவது மனிதர்களுக்கு இடையிலான மரியாதையோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும், அங்கு நாம் செய்யும் பிழைக்கு விலை கொடுப்பது அந்தக் குழுவிலேயே இல்லாத ஓர் உயிர் என்பதையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஆகவே முதலில் தவிர்க்க வேண்டியது, கூடு இருக்கும் இடத்தையும் ஆந்தைகள் பகலில் அடையும் இடத்தையும் பொதுவில் சொல்வது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பது ஆர்வலர்கள் பலருக்குத் தெரியாது. ஆந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாந்திரீகத்தின் பெயரால் அவற்றைப் பிடித்து விற்பவர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குஞ்சு வைத்திருக்கிறது என்ற செய்தி, பல நூறு பேர் உள்ள குழுவிலிருந்து யார் கைக்குப் போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இடம் வெளிப்படுவது வரைபடக் குறியால் மட்டுமன்று. படத்தை வழக்கமான முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதில் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவல் நீங்கிவிடும். ஆனால் தரம் குறையக் கூடாது என்று அதையே கோப்பாக அனுப்பும்போது, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்தோடு சேர்ந்தே போய்விடக்கூடும். பின்னணியில் தெரியும் கோயில் கோபுரமோ ஊர்ப் பெயர்ப் பலகையோ போதும், உள்ளூர்க்காரர் இடத்தைச் சொல்லிவிடுவார். இவை எல்லாவற்றையும் விடப் பொதுவானது, படம் வந்த அடுத்த நிமிடமே “லொகேஷன் அனுப்புங்க சார்” என்று கேட்பது. கேட்கப்பட்டவர் மறுத்தால் அற்பராகத் தெரிவோமோ என்று தயங்கியே சொல்லிவிடுகிறார். அந்தக் கேள்வியையே குழுவில் கேட்கக் கூடாது என்று விதி வைத்துவிட்டால் அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, குஞ்சுகள் பறந்த பிறகு விவரம் எழுதினால் பதிவின் மதிப்பு சிறிதும் குறையாது. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் தளமும் ஆபத்திலுள்ள சில இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தே வைக்கிறது.

கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் கூடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறோமே, அங்கே மட்டும் பாதகமில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு வைக்கின்றன. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே தவிர்த்து வருகிறார்கள். அந்தக் கூடுகளுக்கு ஓர் ஊரே காவல். குவாரியில் தனியாக அடைகாக்கும் ஆந்தைக்கு அப்படி யாரும் இல்லை.

இரண்டாவது தவறு நாம் பாராட்டும் முறையில் இருக்கிறது. ஆறுமணிக்குருவி மழைக்காலத் தொடக்கத்தில் வடக்கிலிருந்து நெடுந்தொலைவு பறந்து வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களிலும் மொட்டை மாடிகளிலும்கூட இறங்கிவிடும். புதருக்குள் ஒதுங்கியிருக்கும் அதை வெளியே வரவழைக்கச் சிலர் கைப்பேசியிலோ சிறிய ஒலிபெருக்கியிலோ அதன் குரலையே ஒலிக்கவிடுகிறார்கள். தன் எல்லைக்குள் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டு வெட்டவெளிக்கு வந்து நிற்கும். அந்தப் படம் குழுவுக்கு வரும்போது நாற்பது கைதட்டல் குறிகள் விழுகின்றன. அதைப் பார்க்கும் புதியவர் மறுநாளே ஒலிபெருக்கி வாங்குகிறார். எந்தப் படத்தைக் குழு கொண்டாடுகிறதோ அந்தப் படத்தை எடுக்கும் வழியையும் அது கற்பித்துவிடுகிறது. கூட்டுக்கு மிக அருகில் எடுத்த படங்களையும், குரலை ஒலிக்கவிட்டு எடுத்தவற்றையும் ஏற்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதும், ஐயம் எழுந்தால் எடுத்தவரைத் தனியே அழைத்துக் கேட்பதும் நல்லது. பொதுவில் குற்றம் சாட்டினால் அவர் திருந்துவதில்லை, அடுத்த முறை எடுத்த விதத்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறார்.

இனங்காண்பதில் நிகழும் அவமதிப்பை நான் மிகவும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். பள்ளி மாணவி ஒருவர் தன் வீட்டு வேப்பமரத்தில் எடுத்த படத்தை “வைரி” என்று எழுதி அனுப்பியிருந்தார். வைரி என்பது ஒரு சிறு வேட்டைப் பறவை. படத்தில் இருந்ததோ அக்காக்குயில். சாம்பல் நிற முதுகும் மார்பின் வரிகளும் வால் பட்டைகளும் வைரியை அப்படியே ஒத்திருப்பதால், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் பறக்கும்போது ஏமாறுவதுண்டு. ஆனால் வந்த முதல் பதில், “குயிலுக்கும் வைரிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏன் பெயர் போடுகிறீர்கள்?” என்பது. அதன்பின் அந்தப் பெண் எதுவும் எழுதவில்லை. சில நாட்களில் குழுவை விட்டே போய்விட்டார். “அலகைக் கவனியுங்கள். வைரிக்குக் கொக்கிபோல் வளைந்து கூராக இருக்கும், இதற்கு அப்படி இல்லை பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த மாணவியோடு சேர்ந்து, வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்த பலரும் அன்றைக்கு ஒன்றைக் கற்றிருப்பார்கள். திருத்துபவர் காரணத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வதையே நான் குறைபாடு என்பேன். மூத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மற்றவர்கள் ஐயத்தை விழுங்கிவிடுவதும் அதே அளவு தவறுதான், ஏனெனில் அந்தப் பெயர் பிறகு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியலுக்குள்ளும் ஏறிவிடுகிறது. கதிர்க்குருவிகளைப் போன்ற கடினமான இனங்களில் “இந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது” என்பது முழுமையான, மதிப்புக்குரிய பதில்.

நிர்வாகிகள் செய்யும் தவறுகள் அளவில் பெரியவை, ஏனென்றால் அவர்கள் கையில் நீக்கும் பொத்தான் இருக்கிறது. 2022ஆம் ஆண்டிலிருந்து குழு நிர்வாகி எவருடைய பதிவையும் எல்லோருக்குமாக நீக்கிவிட முடியும். அப்படி நீக்கிவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பது, எழுதியவரை ஊர் நடுவில் நிறுத்திவைத்ததற்குச் சமம். “உங்கள் படத்தில் கூட்டின் இடம் தெரிகிறது, அதனால் எடுத்தேன், இடம் தெரியாதபடி மீண்டும் அனுப்புங்கள்” என்று தனிச்செய்தியில் இரண்டு வரி எழுத ஒரு நிமிடம் ஆகாது. எதிர்த்துப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை வெளியேற்றுவதும், நண்பர் செய்த அதே மீறலைப் பார்க்காததுபோல் விடுவதும் குழுவைச் சில மாதங்களில் இரண்டாக உடைத்துவிடும். நான் கண்டவரை, குழுக்கள் உடைவது விதிகள் கடுமையாக இருந்ததால் அல்ல, ஆளுக்கொரு விதி என்று ஆனதால்தான்.

உறுப்பினர் எழுதுவதற்கெல்லாம் நிர்வாகி சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில், நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி குழுவை மாற்றிவிடுபவர்களும் உண்டு. உறுப்பினரின் ஆட்சேபத்துக்குரிய பதிவுக்காக, குழுவின் நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் ஒருவர் மீது குற்றப்பொறுப்பு ஏற்றப்பட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு வாக்குவாதம் சூடேறினால் சில மணி நேரம் பூட்டி வைப்பதில் தவறில்லை. நிரந்தரமாகப் பூட்டிய குழு அறிவிப்புப் பலகையாகிவிடும், அங்கே யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே ஒருவர் நிர்வாகியாக இருப்பதையும் தவிர்க்க வேண்டும். எங்கள் குழுவில் இப்போது நான்கு பேர் நிர்வாகிகளாக இருக்கிறோம். அவர்களில் ஒருவர் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர். புதியவர்களுக்கு எது புரிவதில்லை, எது புண்படுத்துகிறது என்பதை மற்ற மூவரையும் விட அவரே முன்னதாகச் சொல்லிவிடுகிறார்.

காலை வணக்கப் படங்கள், அரசியல், எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டு செய்திகள் ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. குழு விளக்கத்தில் ஒரு வரி போதும். பிறர் எடுத்த படத்தை அவர் பெயர் இல்லாமல் பகிர்வதையும், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தை உண்மைப் பறவையாகக் காட்டுவதையும் மட்டும் சற்றுக் கண்டிப்போடு தடுக்க வேண்டும், அதிலும் போலிப் படங்கள் இனங்காணக் கற்பவரின் கண்ணைக் கெடுத்துவிடுகின்றன.

கடைசியாக, விழுந்த குஞ்சு. கோடைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது “கூட்டிலிருந்து குஞ்சு விழுந்துவிட்டது, என்ன செய்வது?” என்ற செய்தி வரும். உடனே பத்துப் பேர் பத்து வழி சொல்கிறார்கள்: பால் கொடுங்கள், சோறு கொடுங்கள், வாயில் தண்ணீர் விடுங்கள் என்று. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் குஞ்சு இறந்துவிடக்கூடும் என்பதால், அந்த ஆலோசனையை மட்டும் கண்ட உடனே நீக்க வேண்டும். இத்தகைய நேரத்தில் பதில் சொல்ல அனுபவம் உள்ள இரண்டு பேரை முன்னதாகவே அறிவித்துவைத்து, மற்றவர்கள் அமைதியாக இருப்பது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் முதலில் கேட்பது, இறகு முளைத்திருக்கிறதா, காயம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருப்பது. பூனையும் நாயும் எட்டாத கிளையிலோ புதரிலோ அதை வைத்துவிட்டு விலகி நின்றால், தாய்ப்பறவை இரையோடு வருவதைப் பார்க்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையன்று. இறகு முளைக்காத குஞ்சாக இருந்து கூடும் கைக்கு எட்டினால், மெதுவாக அதிலேயே திரும்ப வைத்துவிடலாம். காயம் இருந்தால் காற்றுத்துளைகள் உள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்ல வேண்டும். அந்த இருவரின் பெயர்களும் வனத்துறையின் எண்ணும் குழு விளக்கத்தின் முதல் வரியில் இருக்கின்றன.