முன் ஸ்ப்ராக்கெட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கில் எஞ்சின் பக்கம் நின்று செயினை இழுக்கும் பல் சக்கரம்தான் முன் ஸ்ப்ராக்கெட். அதை மட்டும் வாங்கி மாட்டுவதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. நீண்டுபோன செயின் புதுப் பல்லில் சரியாக உட்காராது. அந்தப் பல்லும் சீக்கிரமே கொக்கி மாதிரி வளைந்துவிடும். ஸ்ப்ளெண்டரில் வரும் 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. அப்படியானால் 20 கண்ணி 254 மி.மீ. இழுத்துப் பிடித்து அளக்கும்போது 259-ஐத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம், முன், பின், செயின் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள்.

அடுத்தது வேலையின் வரிசை. நடுவில் ஒரே பெரிய நட்டு இருக்கும் வண்டிகளில் செயினை முதலில் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்த வழியில்லை. கியரில் போட்டு நட்டைத் திருகினால் அந்த விசை முழுக்க கியர்பாக்ஸில் இறங்கும். செயின் மாட்டியிருக்கும்போதே, நட்டு இளகாமல் பிடித்திருக்கும் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்துங்கள். ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி நட்டை இளக்குங்கள். உளி வைத்துத் தட்டவே கூடாது. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலேயே ஆயில் சீல் இருக்கிறது, அடிபட்டால் ஆயில் கசியும். மடித்து நிமிர்த்திய பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள்.

ஸ்ப்ளெண்டரில் பெரிய நட்டு கிடையாது. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு லாக் பிளேட்டும்தான். பிளேட்டைக் கொஞ்சம் திருப்பினால் ஷாஃப்டின் பள்ளத்திலிருந்து விடுபட்டு வெளியே வரும். திரும்ப மாட்டும்போது அது பள்ளத்துக்குள் திரும்பி நின்றதா என்று ஸ்ப்ராக்கெட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். சின்ன போல்ட் என்பதால் பலம் காட்டினால் மரை போய்விடும்.

மைலேஜுக்காக 14 பல்லுக்குப் பதில் 15 போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னால் ஒரு பல் கூட்டுவது, 44 பல் பின் ஸ்ப்ராக்கெட்டில் மூன்று பல் குறைப்பதற்குச் சமம். இருவர் ஏறி மேட்டில் போகும்போது இழுவை குறைவது நன்றாகவே தெரியும்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் இடத்தில் உள்ள லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும். அப்படிச் சுற்றும்போதே செயினின் தொய்வை நாலைந்து இடத்தில் பாருங்கள். எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக நிற்கிறதோ அங்கே வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும்.