ஒரே ஆடிட்டர், நாலு சங்கம்: பேச்சாளர் தேதி வாங்கும் முறை

கோவையில் ஒரு சிறுதொழில் சங்கத்தின் அலுவலகத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். நானும் பீரோ சாவியும்தான் மாறாமல் இருக்கிறோம். மாதம் ஒரு பேச்சாளரை அழைத்து உறுப்பினர்களுக்குப் பேசவைப்பதும் என் பொறுப்பு. போன் போட்டு தேதி கேட்டால் முடிந்துவிடும் என்று புதிதாக வரும் ஒவ்வொரு செயலாளரும் நினைப்பார். இந்த ஊரில் அப்படி முடியாது.

இங்கே சங்கங்கள் அவ்வளவு. இந்தியத் தொழில் வர்த்தக சபை 1929-இல் தொடங்கியது. ஆலை அதிபர்களின் சைமா 1933, இன்ஜினியரிங்காரர்களின் சீமா 1952, சிறுதொழில்காரர்களின் கொடிசியா 1969. அப்புறம் பம்புசெட்டுக்கு ஒன்று, ஃபவுண்டரிக்கு ஒன்று, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர்காரர்களுக்கு ஒன்று. இதுபோக அகில இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ., ரோட்டரி, லயன்ஸ், வியாபாரத் தொடர்புக்காக விடிந்ததும் கூடிவிடும் பி.என்.ஐ. கணபதி பகுதியில் நாலு சி.என்.சி. மெஷின் போட்டிருப்பவர் இதில் மூன்றிலாவது சந்தா கட்டியிருப்பார். ஆக, ஹாலும் பேச்சாளரும் கிடைப்பது பெரிய விஷயமில்லை. எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் வந்து உட்காரப்போவது அதே அறுபது பேர்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது 2024 மார்ச்சில். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்த வருடக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமானவரி விதி அப்போதுதான் எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் வைத்து, 120 பேருக்குச் சாப்பாடு சொன்னேன். அதே வியாழக்கிழமை, அதே தலைப்பில், வேறொரு ஆடிட்டரை வைத்து இன்னொரு சங்கமும் கூட்டம் போட்டிருந்தது. எங்களிடம் வந்தது 38 பேர். அதிலும் சிலர் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "அங்கேயும் தலையைக் காட்டோணுங்க மேடம்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மிஞ்சிய சாப்பாட்டை ஆட்டோவில் ஏற்றி ஒரு விடுதிக்கு அனுப்பினோம். தப்பு என்னுடையது. நான் யாரையும் கேட்கவில்லை.

அதனால் முதல் போன் பேச்சாளருக்கு வேண்டாம். மற்ற சங்க அலுவலகங்களில் என்னைப்போல் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போடுங்கள். தலைவர்களுக்குள் ஆயிரம் வருத்தம் இருக்கும். போன தேர்தலில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது வரை நினைவில் வைத்திருப்பார்கள். அலுவலகத்துக்காரர்களுக்கு அது கிடையாது. "அக்கா, இருபத்திநாலாம் தேதி நீங்க ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் அரை நிமிஷத்தில் பதில் வந்துவிடும். நாங்கள் ஏழு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் காலை வணக்கப் படம் போடக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். தேதி, நேரம், தலைப்பு, பேச்சாளர், முடிவா தற்காலிகமா, அவ்வளவுதான் எழுத வேண்டும்.

அடுத்து தினசரி காலண்டரை எடுங்கள். முதலில் அடிக்க வேண்டியவற்றை அடித்துவிடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாவட்டத் தொழில் மைய அதிகாரியோ வேறு அரசு அதிகாரியோ வேண்டுமென்றால் அன்றைக்குக் கேட்டே பயனில்லை. சனிக்கிழமை பட்டறைகளில் வாரச் சம்பளம் போடும் நாள், முதலாளி கல்லாவை விட்டு நகரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விடமாட்டார்கள். விட்டாலும் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம், குத்துவிளக்கு ஏற்ற யாரும் முன்வரமாட்டார்கள். முகூர்த்த நாளை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அதற்கு முந்தைய சாயங்காலத்தைத்தான் கோட்டைவிடுவார்கள். ரிசப்ஷன் அன்றைக்குத்தான். கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும் நமக்கு நல்ல மாதங்கள்.

பேச்சாளர் ஆடிட்டர் என்றால் இன்னொரு சல்லடை உண்டு, வரி கட்டவும் கணக்குத் தாக்கல் செய்யவும் உள்ள கெடு தேதிகள். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்றால் 15-ஆம் தேதி அட்வான்ஸ் டாக்ஸும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் போக 21-இலிருந்து 27 வரைதான் அவர்கள் மூச்சுவிடும் நாட்கள். செப்டம்பர் கடைசியில் அதுவும் இல்லை.

இப்போது பேச்சாளரைக் கூப்பிடலாம். ஒரு தேதியைச் சொல்லி வருவீர்களா என்று கேட்காதீர்கள். மூன்று தேதி கொடுங்கள். நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். 45 நாள் பேமெண்ட் விதி பற்றி எங்கள் உறுப்பினர்களுக்குத் தமிழில் 40 நிமிடம் பேச வேண்டும், கேள்விக்கு 30 நிமிடம். செவ்வாய் 22, புதன் 23, வியாழன் 24, இதில் எது வசதி? மாலை 6.45-க்கு வந்தால் போதும். 60 பேர் வருவார்கள், பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவர்கள். கார் அனுப்புகிறோம். இந்த மாதம் வேறு சங்கத்தில் இதே தலைப்பில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மற்ற இரண்டு தேதிகளை விட்டுவிடுவோம்."

கடைசி இரண்டு வரிதான் முக்கியம். வேறு எங்கேயும் பேசக்கூடாது என்று நாம் தடைபோட முடியாது, சம்பளமா கொடுக்கிறோம்? ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு. ஆனால் கேட்டு வைத்துக்கொண்டால் தலைப்பையாவது மாற்றலாம். அங்கே விதியை விளக்கினால், இங்கே பணம் வராதபோது அரசின் இணையதளத்தில் புகார் கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லலாம். பேச்சாளருக்கும் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சலிப்பு இருக்காது.

அவர் ஒரு தேதியைச் சொன்னதும் மற்ற இரண்டையும் அன்றைக்கே குழுவில் விடுவித்துவிடுங்கள். மூன்று தேதியையும் பிடித்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பவர்களால்தான் இந்த ஊரில் பாதிக் குழப்பம்.

இரண்டு சங்கத்துக்கும் அந்த ஒரு நாள்தான் என்று ஆகிவிட்டால் கூட்டுக்கூட்டம் போடுங்கள். அதில் கஷ்டம் அழைப்பிதழில்தான் வரும். யார் பெயர் மேலே? நான் பார்த்தவரை சண்டை வராத ஒரே வழி, தொடங்கிய வருடப்படி போடுவது. யாரும் தன் சங்கத்தின் வயதை மாற்றிச் சொல்ல முடியாது. ஹால் கொடுப்பவர் வரவேற்புரை, மற்றவர் நன்றியுரை. ஒருவர் சால்வை, ஒருவர் நினைவுப் பரிசு. தலைவர்களுக்கு மூன்று மூன்று நிமிஷம். மூன்று என்றால் ஏழு ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். சாப்பாட்டுச் செலவை ஆளுக்குப் பாதி என்று பிரிக்காமல், எந்தச் சங்கத்திலிருந்து எத்தனை பேர் பதிந்தார்களோ அதன்படி பிரியுங்கள்.

சென்னையிலிருந்து வருபவர் என்றால் அவர் திரும்பிப்போக இரவு சேரன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, நிகழ்ச்சியை அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். டிரைவருக்கு இடத்தை எழுத்தில் அனுப்புங்கள். சைமா, சீமா இரண்டும் போனில் ஒரே மாதிரி கேட்கும். ஒருமுறை எங்கள் விருந்தாளியைத் தப்பான வாசலில் இறக்கிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அரசு அதிகாரி என்றால் கடிதம் கொடுத்து, முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன், அன்று மதியம் ஒரு போன். திடீரென்று மீட்டிங் என்று கூப்பிட்டுவிடுவார்கள், அவர் என்ன செய்வார்? எங்கள் உறுப்பினர்களிலேயே ஒருவரை, பத்து நிமிஷ முன்னறிவிப்பில் பேசக்கூடியவரை, எப்போதும் கையில் வைத்திருப்பேன். அவருக்கு இது தெரியும், கோபித்துக்கொள்ளமாட்டார்.

பட்ஜெட் விளக்கக் கூட்டம் மட்டும் தனிக்கதை. பிப்ரவரி 1 பட்ஜெட், அந்த வாரமே எல்லாச் சங்கத்துக்கும் அதே நாலு ஆடிட்டர் வேண்டும். அதற்கு ஜனவரியில் கேட்டால் கிடைக்காது. தீபாவளி ஸ்வீட் கொடுக்கப் போகும்போதே நான் கேட்டுவிடுவேன். போன வருடம் டப்பாவைக் கையில் வாங்கும் முன்பே, "மூணாம் தேதி சாயங்காலம்தானுங்களே, எழுதி வெச்சுட்டேன்" என்றார் அந்த நாலு பேரில் ஒரு ஆடிட்டர்.