படித்ததை எழுதி வைக்க ஒரு வழி

புத்தகத்தை முடித்ததும் கதைச் சுருக்கம் எழுத உட்காராதீர்கள். அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் மனம் நின்றது, எங்கே எரிச்சல் வந்தது என்பதைப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரையையும் பிறர் விமர்சனங்களையும் அதற்குப் பிறகு படிப்பது நல்லது. முதலிலேயே படித்துவிட்டால் அவர்கள் கருத்தையே நம்முடையது என்று எழுதி வைப்போம்.

எல்லா நூலுக்கும் ஒரே கேள்வி பொருந்தாது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். அதற்காக ஒரே மூச்சில் ஐம்பது படித்தால் ஒன்றும் தங்காது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். யார் பேசுகிறார், யாரிடம் என்று எழுதத் தொடங்கினால் மீதி தானாக வரும். 'பொன்னியின் செல்வன்' 1950இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கிய கதை. அத்தியாய முடிவுகள் அடுத்த வாரத்துக்கு இழுப்பவை. அங்கே சற்று நின்று, அடுத்து என்ன நடக்கும் என்ற உங்கள் ஊகத்தை எழுதிவிட்டுத் தொடருங்கள். (பெரும்பாலும் தோற்பீர்கள், அதுதான் சுவை.) தன்வரலாறு என்றால் ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள். சமையல் நூலுக்குப் பென்சிலால் ஓரத்திலேயே எழுதலாம்: 'உப்பு குறைவு'.

பிடிக்காமல் பாதியில் மூடிய புத்தகத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள். நம் ரசனையை அதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். நூலகப் புத்தகமானால் ஓரத்தில் கிறுக்காமல் துண்டுச் சீட்டு வையுங்கள். திருப்பித் தருவதற்குமுன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.