புது மோட்டார்ஹோம்: பழுது எது, சுபாவம் எது?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிதான் மோட்டார்ஹோம். எங்கள் வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு மனைவி உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, வண்டிக்கு அடியில தண்ணியா ஓடியிருக்கு, வந்து பாருங்க."

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிப்ரவரி மாதக் குளிர். லுங்கிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாசல் முழுக்க ஈரம், ஓரங்களில் ஐஸ் கட்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆசையாய் நிரப்பிய தொட்டி காலி. சேமிப்பில் பெரும்பங்கைக் கொட்டி வாங்கிய வண்டி முதல் ராத்திரியே ஒழுகினால் எப்படி இருக்கும்? விற்றவருக்கு ஃபோன் போட்டு நாலு வார்த்தை கேட்கத் தயாராகிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இருபது வருஷம் கேரவன் (காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வைத்திருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "ஒழுகலை. அதுவாகவே திறந்துவிட்டிருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். தண்ணீர் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். எங்கள் வண்டியில் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. அந்த இடத்தின் வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் வால்வு தானே திறந்து பாய்லரில் இருக்கும் 10 லிட்டரையும் கீழே கொட்டிவிடும். உள்ளே தண்ணீர் உறைந்து பாய்லர் விரிசல் விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நான் பம்பை அணைக்காமல் படுத்துவிட்டேன். அதனால் பம்பு விடிய விடியத் தொட்டித் தண்ணீரையும் இறைத்துத் தள்ளியிருக்கிறது. சரி, வால்வை மூடிவிடலாம் என்று அமுக்கினால் நிற்கவில்லை. சுற்றிலும் 7 டிகிரியாவது வந்தால்தான் அது மூடும். முதலில் அறை ஹீட்டரை அரை மணி நேரம் ஓட விட வேண்டும், பிறகு வால்வை மூட வேண்டும், அதற்குப் பிறகே தண்ணீர். இந்த வரிசை கையேட்டில் இருந்தது. கையேட்டை யார் படித்தார்கள்?

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் 'பழுது', வலப்பக்கம் 'சுபாவம்'. முதல் மாதம் முழுக்க வண்டி செய்யும் ஒவ்வொரு கோளாறையும் தேதியோடு எழுதினேன். புதிதாக மோட்டார்ஹோம் வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இடப்பக்கம் எழுதியதில் பாதிக்கு மேல் பிறகு வலப்பக்கம் போய்விட்டது. ஆனால் மீதி நிஜமான பழுது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாங்கும் நாளில்

காசு கட்டுவதற்கு முன்னாலேயே லைசென்ஸைப் பாருங்கள். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸானவர்கள் பொதுவாக 7,500 கிலோ வரை ஓட்டலாம். நான் 2004-ல் பாஸானவன். எனக்கு 3,500 கிலோதான் எல்லை. அது காலி வண்டியின் எடை அல்ல. ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பின் வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை. எங்கள் வண்டியில் சாமானுக்கு 380 கிலோ மிச்சம் என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஓட்டுநருக்கு 75 கிலோ ஏற்கெனவே கணக்கில் உண்டு. மனைவிக்கும் மகளுக்கும் இல்லை. வெயில்மறைப்பு, சோலார் பலகை என்று கூடுதலாக மாட்டியவற்றுக்கும் இல்லை. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. காகிதக் கணக்கில் தொட்டி முழுதாக நிரம்பியதா, கொஞ்சமாகவா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நாங்கள் முதல் பயணத்துக்குச் சாமான் ஏற்றிப் பொது எடைமேடையில் நிறுத்தினோம். 3,540 காட்டியது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. பின்னால் லாக்கரில் டேபிள்டாப் வெட் கிரைண்டர், பத்துக் கிலோ அரிசி மூட்டை, இரும்பு தோசைக்கல். தொட்டியில் நூறு லிட்டர் தண்ணீர். கிரைண்டரும் அரிசியும் வீட்டுக்குத் திரும்பின. தண்ணீரைக் கால் தொட்டிக்கு இறக்கினோம். தோசைக்கல் தப்பித்தது. எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகவும் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் தாண்டியிருக்கலாம்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒருவர் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டுவார். ஒன்றும் மனதில் நிற்காது. மகள் எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோ எடுத்தாள். இன்றைக்கும் எங்களுக்கு அதுதான் கையேடு. ஒரே ஒரு பிடிவாதம் பிடியுங்கள்: தண்ணீரை நிரப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு குழாயையும் திறந்து பாருங்கள், ஃப்ரிட்ஜை எஞ்சின், மின் இணைப்பு, கேஸ் என்று மூன்று வழியிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை சாவி, எது எந்தப் பூட்டுக்கு என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். டீசல் மூடிக்கு ஒன்று, தண்ணீர் மூடிக்கு ஒன்று, லாக்கருக்கு ஒன்று என்று கொத்துச் சாவி கோயில் தர்மகர்த்தா இடுப்பில் தொங்குவது மாதிரி இருக்கும்.

அப்புறம் உயரம். எங்கள் வண்டி 2.89 மீட்டர். இங்கே பல பாலங்களில் அடி, அங்குலத்தில்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 9 அடி 6 அங்குலம் என்று எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு நேரே ஒட்டினேன். அதையும் மீறி, வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்க சூப்பர்மார்க்கெட் கார் பார்க்குக்குத் திரும்பினேன். கார் ஓட்டிய பழக்கம். "அப்பா, கம்பி!" என்று மகள் கத்தியிருக்காவிட்டால் கூரை ஜன்னல் அன்றே போயிருக்கும். இன்னொன்று, திருப்பும்போது பின்புறம் எதிர்ப்பக்கம் வீசும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீண்டிருப்பதால் இப்படி. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி.

முதல் இரண்டு இரவு வாசலிலேயே

எங்கேயும் போகாதீர்கள். வாசலில் நிறுத்தி அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே குளியுங்கள். ஏதாவது நின்றுபோனால் நாலு எட்டில் வீடு.

மனைவி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். ஏற்றியாயிற்று. மிச்சமிருந்த ஐந்தாவது பழத்தை உள்ளே மேசைமேல் வைத்தேன். அது உருண்டு பின்பக்கம் ஓடியது. வாசல் அவ்வளவு சரிவு என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியாது. சரிவு இருந்தால் குளியல் தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்கும், ஃப்ரிட்ஜும் சரியாகக் குளிராது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் ஆப்புகளை வாங்கிவிடுங்கள். மட்டம் பார்க்க நாங்கள் இப்போதும் எலுமிச்சம்பழம்தான் வைத்திருக்கிறோம்.

பல மோட்டார்ஹோம்களில் இருப்பது வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி அல்ல. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட், மின் இணைப்பு இருந்தால் 230 வோல்ட், இரண்டும் இல்லாவிட்டால் கேஸ். சத்தமே போடாது, ஓடுகிறதா என்று சந்தேகமாகவே இருக்கும். குளிர மணிக்கணக்கில் ஆகும். முதல் நாள் மத்தியானம் போட்டுவிட்டு சாயங்காலம் தொட்டுப் பார்த்து 'ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை' என்று இடப்பக்கம் எழுதினேன். மறுநாள் காலையில் தயிர் ஜில்லென்று இருந்தது. வலப்பக்கம் மாற்றினேன். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே போட்டுவிட வேண்டும்.

ஹீட்டரை முதன்முதலில் போட்டபோது தீய்ந்த வாடையும் லேசான புகையும் வந்தன. புதுச் சாமானில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு எரிவதால் வருவது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

தரையில் சமையலறைக்குப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அது வழியாகக் குளிர்காற்று வரும். இரண்டாம் இரவு மனைவி அதில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டாள். நான் எடுத்துப் போட்டேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டை. எவ்வளவு குளிரினாலும் அடைக்கக் கூடாது. அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திக் கத்துகிறதா என்று படுக்கும் முன் பாருங்கள்.

சிலிண்டர் சிவப்பா நீலமா என்றும் கவனியுங்கள். இங்கே கடையில் கிடைக்கும் சிவப்பு பெரும்பாலும் புரொப்பேன், நீலம் பியூட்டேன். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாகாது, அடுப்பு முனகும். புரொப்பேனுக்கு மைனஸ் 42 வரை கவலையில்லை. ஊரில் வீட்டுக்கு வரும் சிலிண்டரும் சிவப்புதான், அதனால் எனக்கு மறக்கவில்லை. புரொப்பேன் சிலிண்டரின் மரை தலைகீழ்: இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். பத்து நிமிஷம் எதிர்ப்பக்கம் மல்லுக்கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன்.

மின்சாரத்தில் ஒரே கணக்கு. வண்டியை நிறுத்தித் தங்கும் பல முகாம்களில் 10 ஆம்ப்தான் தருவார்கள், அதாவது 2,300 வாட். நம் வீட்டுக் கெட்டிலே 3,000 வாட் இழுக்கும். போட்டால் இருட்டுதான். குறைந்த வாட் கெட்டில் வாங்கினோம். ரைஸ் குக்கர் 700 வாட்தான், பிரச்சினையில்லை. ஆனால் மின் ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து ஓடக் கூடாது. முகாம் மின்சாரத்தை வண்டிக்கு இணைக்கும் ஆரஞ்சு வயரைச் சுருளோடு வைத்துப் பயன்படுத்தாதீர்கள், சூடேறும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.

சமையல் என்றதும் சொல்ல வேண்டும். உள்ளே கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். கறிவேப்பிலை போடுவதற்குள் மூன்று பேரும் துண்டை விசிறிக்கொண்டு நின்றோம். மெத்தைத் துணியில் அந்த மணம் ஒரு வாரம் இருந்தது. இப்போது தாளிப்பு மட்டும் வெளியே ஒற்றை அடுப்பில். அடுப்புக்குக் கண்ணாடி மூடி இருந்தால் பர்னர் ஆறுவதற்கு முன் மூடாதீர்கள், நொறுங்கிவிடும்.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது யார் வேலை என்று எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை. "அது உங்களது." சரி. பெட்டியை வெளியே இழுத்து, முகாமில் அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது மேலிருக்கும் காற்றுப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே சாய்க்க வேண்டும். பிடிக்காமல் சாய்த்தால் உள்ளே காற்றுப் போகாமல் குபுக் குபுக்கென்று தெறிக்கும். அன்றைக்கு நான் போட்டிருந்த செருப்பு இப்போது இல்லை.

முதல் பயணம்

ஒரு மணி நேரத் தூரத்துக்குள் போங்கள். நாங்கள் ரட்லண்ட் வாட்டர் ஏரிப் பக்கம் ஐந்து வண்டிகள் மட்டும் நிற்கும் சின்ன இடத்துக்குப் போனோம். புல்தரை வேண்டாம், கெட்டித் தரை கேளுங்கள். இந்த வண்டிகள் பலவும் முன்சக்கர இழுவை. கனம் எல்லாம் பின்னால். ஈரப்புல்லில் முன்சக்கரம் சும்மா சுற்றும்.

கிளம்பும் முன் ஒரு பட்டியலை ஸ்டியரிங்கில் மாட்டிவிடுங்கள்: சிலிண்டர் மூடியாச்சா, வயர் சுருட்டியாச்சா, கூரை ஜன்னல், படிக்கட்டு, ஃப்ரிட்ஜ் கதவுப் பூட்டு, பம்பு. டயர்க் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

இனி நிஜப் பழுதுகள். எங்கள் நோட்டில் இடப்பக்கம் நிலைத்தவை: குளியல் தட்டின் ஒரு மூலையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசை இல்லை, ஒரு லாக்கர் கதவின் கீல் தளர்வு, சிங்க்குக்கு அடியில் குழாய் இணைப்பில் சொட்டு. கடைசியது நூறு மைல் ஓடிய பிறகுதான் வந்தது. வண்டி குலுங்கக் குலுங்க இணைப்புகள் தளரும், அதனால் முதல் பயணத்துக்குப் பின் லாக்கர்களைக் காலி செய்து ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். மழைக்குப் பிறகு மேல் மூலைகளை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அது பெரிய விஷயம். வருடாந்திர ஈரப் பரிசோதனையைத் தவறவிட்டால் பல வண்டிகளில் நீர்க்கசிவு வாரன்டி போய்விடும்.

பழுதுகளை ஃபோனில் சொல்லாதீர்கள். படத்தோடு, தேதியோடு, மின்னஞ்சலில் எழுதுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொறுப்பு உங்களுக்கு விற்றவருடையது. 'கம்பெனியைக் கேளுங்கள்' என்று அவர் கைகாட்ட முடியாது. பெரிய பழுதென்றால் முதல் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். எங்களுக்கு விற்றவர்கள் முதலில், "பருவம் முடியட்டும் சார், பார்க்கலாம்" என்றார்கள். நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அடுத்த வாரமே தேதி கிடைத்தது.

சத்தங்களை மட்டும் நீங்களேதான் துரத்த வேண்டும். மகள் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். ஓவனுக்குள் கிரில் தட்டு ஆடியது. அடியில் துண்டு மடித்து வைத்தோம். எவர்சில்வர் டம்ளர்களைப் பழைய சாக்ஸில் போட்டோம். இப்போது மிச்சம் ஒன்றுதான். 50 மைல் வேகத்தில், இடப்பக்கம் வளையும்போது மட்டும், மேலே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். நோட்டில் அது 14-வது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறேன்.