போரான் கலந்த கிராபீனில் சோடியம்: கணக்கிடும் முறை

லித்தியம் மின்கலத்தில் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி வரை தேக்கும் கிராஃபைட், சோடியத்தை ஏறக்குறைய 35-க்கு மேல் ஏற்பதில்லை. ஆகவே கிராபீன் என்ற ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளில் போரான் போன்ற வேற்றணுவைச் சேர்த்து, அதாவது மாசூட்டி, அதைச் சோடியத்துக்கேற்ற ஆனோடாக (மின்கலத்தின் எதிர்முனையாக) மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியில், இக்கேள்வியோடு வரும் முதுகலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அணுக்களின் ஆற்றலைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற இலவச மென்பொருளும் ஓரளவு வலுவான கணினியும் தொடங்கப் போதும்.

முதலில் மாதிரியை அமைக்க வேண்டும். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பாவியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லை, இரண்டு கார்பன் அணுக்கள் கொண்டு திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய பகுதியாக, அதாவது அலகுக்கூடாகக் கொண்டால், நான்குக்கு நான்காகப் பதினாறு கற்களில் 32 அணுக்கள் அடங்கும்; இதுவே சூப்பர்செல். அதில் ஓர் அணுவைப் போரானாக்கினால் மாசின் அளவு 3.125 விழுக்காடு. கணினி இந்தப் பதினாறையே முடிவின்றிப் பாவிக்கொண்டு போவதால், சிறிய கூட்டை எடுத்தால் ஒரு போரான் அடுத்த போரானைப் 'பார்த்துவிடும்'. செங்குத்துத் திசையில் குறைந்தது 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள்.

கணக்கின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் வெட்டு அளவையும் கே-புள்ளிகளையும் படிப்படியாக உயர்த்தி, விடை அசையாத இடத்தில் நிறுத்துங்கள். அணுக்களுக்கிடையிலான மெல்லிய ஈர்ப்பைச் சேர்க்கும் வாண்டர்வால்ஸ் திருத்தத்தை விட்டுவிடக் கூடாது. அணுக்களைத் தளர்த்தியபின், அதாவது ஆற்றல் குறைந்த இடங்களுக்கு நகரவிட்டபின், போரான்–கார்பன் பிணைப்பு, கார்பன்–கார்பனின் 1.42 ஆங்ஸ்ட்ராமைவிடச் சற்றே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளீட்டுக் கோப்பைத் திரும்பப் பாருங்கள்.

இனி, பெரும்பாலோர் சறுக்கும் இடம். அறுகோணத்தின் நடுவுக்கு மேலே ஒரு சோடியத்தை வைத்துக் கிடைக்கும் மொத்த ஆற்றலிலிருந்து தாளின் ஆற்றலையும் சோடியத்தின் ஆற்றலையும் கழிக்கிறோம். அந்தச் சோடியம் தனி அணுவா, உலோகமா? தனி அணுவைக் கழித்துவிட்டு, பெரிய எதிர்மதிப்பைக் கண்டு ஒரு வாரம் மகிழ்ந்திருந்தவன் நான். உலோகத்திலிருந்து ஓர் அணுவைப் பிரிக்கவே ஏறக்குறைய 1.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தாள் அதைவிட வலுவாகப் பற்றாவிட்டால் சோடியம் தாளில் பரவாமல் தன்னோடு தானே சேர்ந்து திரளும். எனவே உலோகத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். மின்னழுத்தமும் அதிலிருந்தே கிடைக்கும். ரிட்பெர்க் அலகில் வரும் விடையை எலக்ட்ரான் வோல்ட்டாக்க 13.606-ஆல் பெருக்கவும் மறக்க வேண்டாம்.

போரானுக்குக் கார்பனைவிட ஓர் எலக்ட்ரான் குறைவு. சோடியம் விட்டுக்கொடுப்பதைத் தாள் வாங்கிக்கொள்ள இடமிருக்கிறது. கார்பனின் இடத்தில் நேரடியாக உட்காரும் நைட்ரஜனோ எலக்ட்ரானைக் கூட்டிவிடுவதால், அது தனியே அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம்.

கொள்ளளவுக்கு, சோடியம் எண்ணிக்கையை, ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லி ஆம்பியர் மணியில் சொல்லும் 26,801-ஆல் பெருக்கித் தாளின் மூலக்கூறு நிறையால் வகுக்க வேண்டும். நம் தாளின் நிறை 383 என்பதால், ஒரு சோடியத்துக்குக் கிராமுக்கு 70 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கிறது. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், மின்னழுத்தம் சுழிக்குக் கீழே இறங்கும் முன் நிறுத்துங்கள். அதன் பிறகே, சோடியம் தாளின் மேல் இடம்பெயரத் தேவையான ஆற்றலான விரவல் தடையைக் கணக்கிடத் தொடங்குங்கள். கணினியை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும் வேலை அது.