கழுத்து, தோள் இறுக்கத்துக்குச் சூடும் மசாஜும்

முதலில் சூடு, பிறகுதான் கை. சூடு பட்டால் ரத்தக்குழாய்கள் விரிந்து தசை தளரும். அதன்பின் குறைந்த அழுத்தமே போதும். வெந்நீர்ப் பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நீர் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கொதிநீர் வேண்டாம், ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும். துண்டில் சுற்றி, தோள்மீது 15 முதல் 20 நிமிடம். பையின் மேல் படுக்கக் கூடாது. அப்படியே தூங்கிப்போனால், தாங்கக்கூடிய சூடுகூட நேரம் நீண்டு தோலைப் புண்ணாக்கிவிடும்.

பிறகு உள்ளங்கையில் சில சொட்டு எண்ணெய். கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை மெதுவாக, நீளமாக நீவுங்கள். முடிச்சு போலத் தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். வலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்: தசை எதிர்த்து இன்னும் இறுகும். மனம் அமைதியாவதும் இந்த நிதான வேகத்தில்தான், அரக்கப்பரக்கத் தேய்த்தால் கிடைக்காது. கழுத்தின் முன்பக்கத்திலும் முதுகெலும்பின் மேலும் அழுத்தவே கூடாது.

சுளுக்கி வீங்கி 48 மணி நேரம் ஆகாத இடத்தில் சூடு வைத்தால் வீக்கம் கூடும். சர்க்கரை நோயால் மரத்துப்போன காலுக்குச் சூடு வேண்டவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள். உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம், அது நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து.