ஜன்னலில் தொங்கும் சிறு இரும்பு வேலை: அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவுக் கொக்கி அடிப்பதைப் போலவே, ஜன்னலில் அலங்காரமாகத் தொங்கவிடும் சிறு இரும்பு உருவத்தையும் அடிக்கத் தொடங்குபவர்கள் அதிகம். பட்டடைக்கல்லின் (சூடான இரும்பை வைத்து அடிக்கும் கனமான இரும்புக் கட்டை) மேல் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஜன்னலில் மாட்டியதும் கருப்பாக ஒரு திட்டுதான் தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் சுத்தியல் தடம், உளியால் கீறிய நரம்பு, மெருகு எதுவும் பகலில் கண்ணில் படாது. ஓரக்கோடும் நடுவிலுள்ள இடைவெளிகளும் மட்டுமே மிஞ்சும். மேற்பரப்பில் உழைப்பைக் கொட்டிவிட்டு உருவத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு. உலையை மூட்டுவதற்கு முன்பே, நினைத்த வடிவத்தைக் கருப்பு அட்டையில் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். சுருள்கள் நெருக்கமாக இருந்தால் இடைவெளி மூடிப்போனது போலத் தெரியும். அவற்றை விரித்து வரையுங்கள். இலைக்கு நரம்பு காட்ட ஆசையா? கீறலாக இல்லாமல் நீள்துளையாக வெட்டுங்கள். ஒளி அதன் வழியாக வரும்.

அடுத்தது, கையில் கிடைத்த கம்பியை எடுத்துக் காய்ச்சுவது. இதில் உடம்புக்கே ஆபத்து இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை ஒருபோதும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். இரும்பை அடிக்கும் சூடு அதைவிட அதிகம். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம், வேறு கம்பி எடுங்கள். பழைய ஸ்பிரிங்கும் இந்த வேலைக்கு ஒத்துவராது. அதில் கார்பன் அதிகம். சிவந்த நிலையில் தண்ணீரில் முக்கினால் மெல்லிய சுருள் கண்ணாடி போல முறியும். 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) கம்பியே போதும். சதுரக் கம்பி என்றால் ஒரு மீட்டர் ஏறக்குறைய 283 கிராம் எடை வரும். கொக்கி தாங்குமா என்று கணக்கிட இது உதவும்.

செம்பு வேறு ரகம். அடிக்க அடிக்க இறுகிக்கொண்டே போகும். மங்கிய சிவப்புக்குக் காய்ச்சினால் மறுபடி இளகும். தண்ணீரில் முக்கினாலும் இளகியே இருக்கும். விறைக்கத் தொடங்கியதும் காய்ச்சாமல் தொடர்ந்து அடித்தால் ஓரம் வெடிக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், அதுவரை வெளிச்சத்தில் நிறம் எதுவும் காட்டாது. இரும்பைப் போல நிறம் பார்த்துக் காய்ச்ச நினைத்தால் உலைக்குள் குழம்பாகிவிடும்.

சூட்டைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மெல்லிய கம்பி நெருப்பிலிருந்து வெளியே வந்த சில நொடிகளில் ஆறிவிடும். குளிர்ந்த பட்டடைக்கல்லில் படுத்தால் இன்னும் வேகமாக ஆறும், கல்லே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கம்பியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் சுத்தியலைத் தேடக் கூடாது. சுத்தியல் கையில் தயாராக இருக்க வேண்டும்; அடி விழும் நேரத்தில்தான் கம்பி கல்லைத் தொட வேண்டும். மைல்டு ஸ்டீலை நல்ல செம்மஞ்சளில் தொடங்கி, சிவப்பு மங்கியதும் நிறுத்துங்கள். நாலைந்து அடி, மறுபடி நெருப்பு. ‘இன்னும் ரெண்டு அடிதானே’ என்று கருத்த கம்பியில் போடும் அடிதான் முனையில் விரிசலைத் தொடங்கி வைக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடிக்கடி காய்ச்சச் சலித்துக்கொண்டு சூட்டைக் கூட்டுவார்கள். தடித்த பகுதி செம்மஞ்சளுக்கு வருவதற்குள் கூர்முனை வெள்ளையாகிப் பொறி தெறிக்கும். பொறி தெறித்தால் அந்த இடம் எரிந்துவிட்டது என்று அர்த்தம், அதை வெட்டி எறிவது தவிர வேறு வழியில்லை. முனையை நெருப்பின் நடுவில் வைக்காமல் சற்றுத் தாண்டி வையுங்கள். பின்பகுதி காய்ந்த பிறகு, கடைசியில் முனையை உள்ளே இழுங்கள். வெயிலில் நின்று காய்ச்சவும் வேண்டாம். வெளிச்சத்தில் நிறம் மங்கலாகத் தெரிவதால் அளவுக்கு மேல் சூடேற்றிவிடுவோம். அப்புறம், 400 டிகிரியில் இருக்கும் இரும்பும் கருப்பாகத்தான் தெரியும். கீழே கிடக்கும் எந்தத் துண்டையும் முதலில் குறட்டால் எடுங்கள்.

கூர் நீட்டும்போது மெல்லத் தட்டினால் மேல்தோல் மட்டும் முன்னால் ஓடும், உள்பகுதி பின்தங்கும். முனை மீன்வாய் போலக் குழிந்து பிளக்கும். அதை அடித்து மூடினால் பிளவு உள்ளே ஒளிந்துகொள்ளுமே தவிர ஒட்டாது. உடனே அரத்தால் தேய்த்துவிடுங்கள். முதலில் குட்டையான, மழுங்கிய கூர். பிறகு அதை நீட்டுவது. வட்டக் கூர் வேண்டுமென்றாலும் சதுரமாகவே நீட்டி, விளிம்புகளைத் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உருட்டுங்கள். 500 முதல் 750 கிராம் வரையுள்ள சுத்தியல் போதும். நீளக் கணக்கையும் மறக்காதீர்கள்: அகலம் கூடாமல், புள்ளி வரை கூராக்கும் பகுதி மூன்று மடங்கு நீளும். 2 செ.மீ. கம்பி 6 செ.மீ. கூராகும். வரைபடத்தின் மேல் நூலை வளைத்து அளந்து, அதே நீளத்துக்குக் கம்பி வெட்டினால் சுருள் வரைந்ததைவிடப் பெரிதாகிவிடுவது இதனால்தான்.

சுருளை முனையிலிருந்தே தொடங்குங்கள். கல்லின் விளிம்புக்கு வெளியே முனையை நீட்டி, கீழ்நோக்கியும் உங்கள் பக்கமாகவும் தள்ளுவது போலத் தட்ட வேண்டும். நேராக அடித்தால் வளையாது, நசுங்கும். மரச்சுத்தியல் இருந்தால் இன்னும் நல்லது. இலை செய்யும்போது காம்புக்கும் இலைக்கும் நடுவிலுள்ள கழுத்தைக் கூர்மையான விளிம்பில் வைத்து ஆழமாக வெட்டிவிடுவார்கள். அந்த மூலையில்தான் பிறகு முறியும். விளிம்பு உருண்ட இடத்தில் வைத்து இறக்குங்கள். முறுக்கு வேலைக்கு ஒரே விதி: முறுக்கும் நீளம் முழுக்க ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடான இடத்தில் மட்டும் நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

தொங்கவிடும் வளையத்தைக் கண்ணளவில் நடுவே வைப்பது இன்னொரு பரவலான தவறு. ஒரு பக்கம் கனமான இலை இருந்தால் எடையின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். வேலையை ஏதாவது ஒரு புள்ளியில் நூலால் தொங்கவிட்டு, நூலின் நேர்க்கோட்டைக் கீழே வரை சாக்பீஸால் குறியுங்கள். வேறொரு புள்ளியில் கட்டி மறுபடி குறியுங்கள். கோடுகள் சந்திக்கும் இடமே எடை மையம். நீங்கள் விரும்பும் நிலையில் பிடித்து, அதற்கு நேர் மேலே வளையத்தைப் பொருத்துங்கள்.

துளையிட்டால் பிசிறு விடாதீர்கள், அது நூலை அறுக்கும். வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் பக்கவாட்டில் முறுக்கித் திறங்கள். விலக்கி இழுத்தால் வட்டம் மறுபடி சேராது.

குளிர்காலக் கண்ணாடியில் நீர் கோக்கும், அதைத் தொடும் இரும்பு துருப்பிடிக்கும். காய்ச்சும்போது இரும்பின் மேல் படியும் கருஞ்செதிலைச் சூடாக இருக்கும்போதே கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, வெதுவெதுப்பு மீறிய சூட்டில் தேன்மெழுகு தேயுங்கள். புகை எழுந்து தீப்பிடிக்கும் அளவு சூடு வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். செம்பு ரிவிட் அடித்த இரும்பில் ஈரம் பட்டால் ரிவிட்டைச் சுற்றி இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே மெழுகு தாராளமாக இருக்கட்டும்.

நைலான் நூல் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். மெல்லிய சங்கிலியோ கம்பியோ போடுங்கள், காற்றில் ஆடினாலும் கண்ணாடியை எட்டாத தூரத்தில். அலங்காரத்துக்குக் கண்ணாடி உருண்டை சேர்ப்பதையும், குழிவாகப் பளபளக்க மெருகேற்றிய தட்டு வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுமே வெயிலை ஒரு புள்ளியில் குவித்து, திரைச்சீலையையோ காகிதத்தையோ பற்றவைக்கக்கூடும். மினுமினுப்பு வேண்டுமென்றால் தட்டையான அல்லது வெளியே புடைத்த பரப்பில் மெருகேற்றுங்கள்.